ஆடை கட்டாத பால்

பால் பொங்கி ஆறியும் ஆடை கட்டவில்லை. சுகிர்தா கரண்டியை விட்டுப் பார்த்தாள். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வழிந்தது. செவலை கறக்கிற பாலா இது? ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் கெட்டிப் பாலென்று கேட்டு வாங்குவது இதைத்தானே!

போன வாரம்தான் செவலையின் கன்று தோல் கழலை நோயில் செத்தது. ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டுத்தான் மாட்டு டொக்டர் ராஜரத்தினம் போனார். ஆனால் கன்றைக் காணாமல் செவலை தீனி தொடவில்லை, கத்திக் கத்தியே எலும்பானது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மாடு, மனசு கேட்குமா? சுகிர்தா கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து அதன் முன்னால் நிறுத்தினாள். செவலை அதை நக்கியது, தீனி தின்றது, பாலும் சுரந்தது. உயிர் பிழைத்ததே, அது போதும் என்றிருந்தாள்.

இப்போது பயம் பிடித்துக்கொண்டது. டொக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"தோலையா வச்சிருக்கீங்க? அடக் கடவுளே! அந்தக் கிருமிக்குச் சொந்தமா ஒண்ணும் கெடையாதும்மா. மாட்டோட செல்லுக்குள்ள பூந்து, அங்க உள்ள கொழுப்ப எடுத்துத் தனக்கு ஆடை செஞ்சு போட்டுக்கும். அடுத்த செல்லு நம்ம ஆளுன்னு நெனச்சு உள்ள விட்டுரும். இப்பவே எரிச்சிருங்க."

"என் மாடு பொழைக்குமா ஐயா?"

"மொதல்ல போங்கம்மா!"

பிற்பகல் மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து ஏறி மாட்டுப்பட்டி வாசல்வரை வந்திருந்தது. சாணி வாடையே இல்லை. நெய் உருக்கும் வாசம் மட்டும். உள்ளேயிருந்து நாக்கு உரசும் சத்தமும், அதற்கு ஊடே, மெல்ல, விடாமல், எதையோ விழுங்குகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. நக்குவது செவலை. விழுங்குவது யார்?

மண்ணெண்ணெய்ப் போத்தலோடு உள்ளே போனாள்.

கன்று செவலையின் மடியில் வாய் வைத்திருந்தது. மேலெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு. தொட்டாள். சூடு. விரல் கொழுப்புக்குள் இறங்கியது. உள்ளே அடைத்த வைக்கோல் இல்லை. தரையிலும் ஒரு துரும்பு இல்லை.

"செவலை... இங்கிட்டு வா, தங்கம்..."

மாடு திரும்பியது. குளம்புச் சத்தமே இல்லை. கண் இருந்த இடத்தில் வைக்கோல். காதில் வைக்கோல். வாயோரத்தில் பிதுங்கிய வைக்கோலுக்கு நடுவே நாக்கு மட்டும் ஈரமாக நீண்டு, கன்றின் முதுகைத் தேடித் தேடி நக்கிக்கொண்டிருந்தது.