நாலாவது மாடிக் கூடை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ரோசெல்லா வசிக்கும் சந்து அவ்வளவு குறுகல். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்றே உப்புக் கடன் கேட்பார்கள். நாலாவது மாடி அசுந்தா அத்தை கயிறு கட்டிய கூடையைக் கீழே இறக்குவார். கடைக்காரர் சால்வோ மாமா அதில் ரொட்டியும் முட்டையும் வைப்பார்.

அந்தக் கூடையைத்தான் ரோசெல்லா படம் எடுக்க வேண்டும். நாளை பள்ளியில் ‘எங்கள் தெரு’ கண்காட்சி. அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கேமராவை மாலைக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். படம் எடுக்காமல் வீடு திரும்புவதில்லை என்று ஒரே பிடியாக இருந்தாள்.

சந்தில் வெளியூர்ப் படக்காரர் ஒருவர் கேமராவோடு ஏற்கெனவே நின்றிருந்தார். அவர் எங்கே நிற்கிறார், எப்படி மூச்சை அடக்கி அழுத்துகிறார் என்று ரோசெல்லா கவனித்தாள். கூடை இறங்கியது. அவர் ‘கிளிக்’ செய்தார்.

“அம்மா, மறுபடி இறக்குங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி.”

“நான் என்ன சர்க்கஸ்காரியா? என் விரல் படுற பாடு எனக்குத்தான் தெரியும்,” என்று அசுந்தா அத்தை வெறும் கூடையை மேலே இழுத்து, ஜன்னலைச் சாத்திவிட்டார்.

“அப்ப இந்த முட்டையை நான் என்ன செய்யறது?” என்றார் சால்வோ மாமா.

“திறப்பாங்க. காத்திருப்போம்,” என்று படக்காரர் படியில் உட்கார்ந்தார்.

ரோசெல்லாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அத்தை விரல் வலியோடா தினமும் இழுக்கிறார்? நாலு மாடியும் ஏறிக் கதவைத் தட்டினாள்.

“அத்தை, கயித்தை நான் இழுக்கறேன்.”

“கழுத்துல கேமரா தொங்குதே?”

“அது தொங்கட்டும். முதல்ல முட்டை.”

கூடையை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தாள். கீழே எட்டிப் பார்த்தவளுக்கு நெஞ்சு துள்ளியது. தெரு முழுக்க முகங்கள், எல்லாம் மேலே பார்த்தபடி. முட்டை விழுந்தால் பிடிக்க சால்வோ மாமா கைகளை விரித்து நின்றார். ஆனால் படம் எடுக்கக் கயிற்றை விட முடியுமா? கூடை வந்து சேர்ந்தது.

“ஏன்டி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?”

“கீழ எல்லாரும் உங்க கூடையவே பாத்தாங்க அத்தை. அவ்வளவு அழகா இருந்துச்சு. என் கையில கயிறு.”

அசுந்தா அத்தை கூடையிலிருந்து முட்டையை எடுத்து வைத்தார். பிறகு ஜன்னலில் சாய்ந்து கத்தினார்.

“சால்வோ, எலுமிச்சம்பழம் ஒண்ணு மறந்துட்டேன்.”

மேசைத் தட்டில் ஏற்கெனவே ஐந்தாறு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

“ஒரு பழத்தை என் கை தாங்கும். நீ படம் எடு.”

ரோசெல்லா மூச்சை அடக்கி அழுத்தினாள். கயிற்றைப் பிடித்த அத்தையின் கை, நடுவில் கூடை, அடியில் அண்ணாந்த தெரு.

“சால்வோவைப் பாரு. வாயில ஈ போறதுகூடத் தெரியாம நிக்கிறான்,” என்று அத்தை சிரித்தார்.

கீழே வந்து ரோசெல்லா கேமராத் திரையில் காட்டிய படத்தைப் படக்காரர் உற்றுப் பார்த்தார். அண்ணாந்த முகங்களில் அவருடையதும் ஒன்று.

“பாப்பா, அந்த வீட்டுக்கு எப்படிப் போகணும்?”

“படியேறித்தான். ஆனா முதல்ல கூடையை இழுத்துக் குடுக்கணும்,” என்று சொல்லிவிட்டு, ரோசெல்லா அண்ணனைத் தேடி ஓடினாள்.