ரிப்பன் கட்டிய குழாய்

வியாழக்கிழமை தமிழ்ப் பாடத்தில் ‘கலைத்தல்’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். மர்வா, பென்சில் முனை முறிய முறிய எழுதினாள்:

‘யோகராஜ் சேர் எங்கள் எல்லே அணியைக் கலைத்தார்.’

உண்மைதான். யோகராஜ் சேர்தான் பாடசாலையின் அதிபர். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற எல்லே விளையாட்டில், சனிக்கிழமை பல்லேபொல பாடசாலையோடு போட்டி. மர்வாதான் தலைவி. மூன்று மாதப் பயிற்சி. புதன்கிழமை அறிவித்தல் பலகையில் ஒரு தாள் தொங்கியது: ‘பெண்கள் எல்லே அணி கலைக்கப்படுகிறது. அனைவரும் வரவேற்பு வரிசையில் நிற்க வேண்டும்.’

பாடசாலையின் புதுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைக்கப் பெரிய மனிதர் ஒருவர் அதே சனிக்கிழமை வருகிறாராம். ஒரே ஒரு குழாய். சேர் அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, ‘தொடக் கூடாது’ என்று எழுதியும் வைத்திருந்தார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே பிள்ளைகள் விருந்தினருக்குக் கொடுத்து வரவேற்க வெற்றிலையோடு வரிசையில் நின்றார்கள். பத்து மணியாயிற்று. பெரியவரைக் காணோம்.

“ஒரு குழாயத் திருகக் கொழும்புலருந்து ஆள் வரணுமா?” மர்வா பல்லைக் கடித்தாள்.

“மெதுவாப் பேசுடி, சேருக்குக் கேக்கும்,” என்றாள் பக்கத்தில் நின்ற துஷாரா.

“கேக்கட்டும்!”

அப்போது வாசலில் பல்லேபொல அணி வந்து நின்றது. போட்டி இல்லையென்று அவர்களுக்குச் சொல்ல சேர் மறந்தேவிட்டார். வெயிலில் எல்லார் முகமும் சிவந்திருந்தது.

“குடிக்கத் தண்ணி இருக்கா?” என்று கேட்டாள் அவர்களின் தலைவி ஜெஸ்லா.

மர்வா வரிசையை விட்டு வெளியே வந்தாள். இரண்டு கையாலும் ஜெஸ்லாவுக்கு வெற்றிலை கொடுத்தாள். பிறகு நேரே போய் ரிப்பனை அவிழ்த்துக் குழாயைத் திருகினாள்.

“யாரது? கலைஞ்சு போங்க எல்லாரும்!” சேர் கோட்டு பறக்க ஓடி வந்தார்.

ஒருவரும் அசையவில்லை.

“நான்தான் சேர்,” என்றாள் மர்வா. “எங்க அணியக் கலைச்சீங்க. இவங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா? வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கிறதும் தப்பா?”

சேரின் தொலைபேசி அடித்தது. அவர் நிமிர்ந்து நின்று, கோட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு பேசினார். “ஐயா... வர முடியாதுங்களா? பரவாயில்லங்க ஐயா...”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

“மைதானம் சும்மாதானே கிடக்குது, சேர்?” என்றாள் மர்வா.

சேர் தொண்டையைச் செருமினார். “சரி... போட்டி நடக்கட்டும். ஆனா நான்தான் ஆரம்பிச்சு வைப்பேன்.”

மர்வா அவர் கையில் பந்தை வைத்தாள். “பேச்சு வேணாம் சேர். பந்த மட்டும் போடுங்க.”

போட்டார். மூன்று நாள் கோபத்தையும் சேர்த்து அவள் அடித்த அடியில், பந்து வாசலில் கட்டியிருந்த வரவேற்பு வளைவுக்கு மேலே பறந்து வீதியில் போய் விழுந்தது.