மூன்று நாள் கடலில் இருந்த வீடு

விளக்கில் எண்ணெய் குறையவில்லை.

திங்கட்கிழமை காலையில் டோர்காஸ்தான் மாடி அறை விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாள். இன்று வியாழன். மூன்று இரவும் விளக்கு எரிந்திருக்கிறது, திரியின் நுனி கருகியிருக்கிறது, எண்ணெய் மட்டும் ஊற்றிய அளவிலேயே நிற்கிறது. கண்ணாடிச் சிம்னியையும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். கணவன் லியாண்டர் செய்திருப்பான் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தன் காலுறை எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு ஆள் வேண்டும். அவனாவது சிம்னி துடைப்பதாவது!

தரையில் லெட்டி உட்கார்ந்து மரக்கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பதினைந்து மாதக் குழந்தை. பல் முளைத்தபோதும் அழவில்லை, சூடான அடுப்பைத் தொட்டபோதும் அழவில்லை. ஒரு சொல் பேசியதில்லை. "அம்மா" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று டோர்காஸ் நம்பிக்கொண்டிருந்தாள்.

போன நவம்பரில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரை ஆடியது. நியூஃபவுண்ட்லாந்தின் அந்தத் தென்கரையில் அதற்கு முன் யாருக்கும் தரை ஆடும் என்றே தெரியாது. தட்டுகள் உருண்டன, நாய்கள் குரைத்தன, அவ்வளவுதான். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசை, யார் வீட்டில் என்ன விழுந்தது என்று பேசவேண்டும். எட்டு மாதக் குழந்தை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு டோர்காஸ் மேட்டிலிருக்கும் ஜெமைமாவின் சமையலறைக்குப் போனாள்.

"அடுப்புதான் வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன்டி! எங்க வீட்டு மனுஷன் மேசைக்கு அடியில போய்ப் பூந்துக்கிட்டாரு. வெளிய வாங்கன்னா, டீய அங்கயே குடுங்கறாரு!" என்றாள் ஜெமைமா.

சிரித்தார்கள். சீட்டுக்கட்டு எடுத்தார்கள். டோர்காஸ் இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். ஏழரை மணிக்கு யாரோ வெளியிலிருந்து கத்தினார்கள். போய்ப் பார்த்தால் நிலா வெளிச்சத்தில் துறைமுகத்தில் தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அப்புறம் அந்தத் தண்ணீர் திரும்பி வந்தது.

வீடு உடையவில்லை. கல் அடித்தளத்திலிருந்து அப்படியே பெயர்ந்து, மாடி ஜன்னலில் வெளிச்சத்தோடு, கடலுக்குள் போயிற்று. அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

மறுநாள் பனிப்புயல். மூன்றாம் நாள் பக்கத்துக் குடாவின் ஆட்கள் அதைக் கண்டுபிடித்து, இரண்டு படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கீழ்த்தளம் முழுக்கச் சேறும் பாசியும். மாடியில் லெட்டி கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கடவுள் கருணை என்று ஊரே முழங்காலில் நின்றது. டோர்காஸும் நின்றாள். ஆனால் மாடிக்கு முதலில் ஓடி ஏறியவள் அவள். அறையின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் குழந்தையின் இடுப்புத்துணிகள் ஐந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தாள். உப்புப் படிந்து அப்பளம்போல விறைத்திருந்தன. யாரோ கடல் தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறார்கள். ஆண்கள் ஏறி வருவதற்குள் அவற்றைச் சுருட்டி மேலங்கிக்குள் ஒளித்துக்கொண்டாள். குழந்தையை எடுத்து மார்பில் வைத்தாள். லெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பசி இல்லை.

இதை டோர்காஸ் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அவளுக்குள் ஓயவில்லை. குளிர் தாங்கமுடியாத அந்த மூன்று நாளும் யாரோ ஒருத்தி இந்தக் குழந்தையை விட்டு நகராமல் இருந்திருக்கிறாள். பெற்றவள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, பாட்டுப் பாடிக் கயிறு இழுத்து, குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடந்த வீட்டைப் பழைய கற்களின் மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள். அந்த வாரமே தொடங்கியது. அவள் தொடாத தொட்டில் ஆடி நிற்கும். காய்ந்த துணிகள் விறைத்திருக்கும். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும்.

அன்று மத்தியானம் லியாண்டர் மீன் உப்பிட்ட கையோடு சாப்பிட வந்தான். இரண்டு நாளாக விலகாத மூடுபனி அவனோடு வாசல்வழியே உள்ளே வந்தது.

"மாடி விளக்குக்கு நீ எண்ணெய் ஊத்துனியா?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"லியாண்டர், நாம கொஞ்ச நாளு ஜெமைமா அக்கா வீட்டுல போய் இருக்கலாமே."

அவன் ரொட்டியைப் பிய்த்தபடி சிரித்தான். "கடலுக்குப் போன வீடு திரும்பி வந்திருக்கு. அத விட்டுட்டு அடுத்த வீட்டுல போய்ப் படுத்தா ஊரே நம்மள பாத்து சிரிக்கும். ராத்திரி நல்லாத் தூங்கு, டோர். எல்லாம் சரியாப் போவும்."

அவன் போய்விட்டான். லெட்டி மாடியில் தூங்கினாள். டோர்காஸ் பாத்திரம் கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே வேலியும் தெரியவில்லை, மீன் காயும் பரண்களும் தெரியவில்லை. எங்கோ கீழே அலை கல்லில் ஏறி இறங்கும் சத்தமும், ஈரக் கயிற்றின் வாடையும், கூரை நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மட்டும் இருந்தன. அந்தச் சொட்டுச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றவளுக்கு, அது கூரையிலிருந்து வரவில்லை, மாடிப்படியிலிருந்து வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. படிப்படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது தட்டுகள் கலகலத்தன.

மெதுவாக. பிறகு பலமாக. காலுக்கடியில் தரை ஒரு மாடு சிலிர்த்துக்கொள்வதுபோல் அசைந்தது. நின்றது.

அலைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

கடல் பின்வாங்குகிறது. வெளியே தேவாலய மணி அடித்தார்கள். "மேட்டுக்கு ஓடுங்க! மேட்டுக்கு!" லியாண்டரின் குரல்கூட அதில் கேட்டது.

இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகமாட்டேன். செத்தாலும் போகமாட்டேன். படியில் பாய்ந்து ஏறினாள். ஒவ்வொரு படியும் நனைந்திருந்தது.

லெட்டி தொட்டிலில் இல்லை. அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் தனியாக நிற்கப் பழகாத குழந்தை. ஒரு கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, விரல்கள் மடங்கியிருந்தன. யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

டோர்காஸ் அவளை வாரித் தூக்கினாள். மேலே உயர்ந்திருந்த அந்தக் கை உடனே வரவில்லை. இழுக்கவேண்டியிருந்தது.

லெட்டி அழுதாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, வீறிட்டு, மூச்சு முட்ட அழுதாள்.

"ஒண்ணுமில்ல, கண்ணு, அம்மா வந்துட்டேன்ல, அம்மா இருக்கேன்ல."

படி. வாசல். மூடுபனி. குழந்தையைத் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஓடினாள். மேலேயிருந்து ஜெமைமா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. சரளைக்கல்லில் அவள் காலடி. அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு காலடி. செருப்பில்லாதது. ஈரமானது.

அவசரமே இல்லாமல் வந்தது.

ஓடினாள். மூச்சு எரிந்தது. திரும்பவில்லை. திரும்பமாட்டேன்.

லெட்டியின் அழுகை குறைந்தது. விக்கலாயிற்று. நின்றது. தோளுக்குப் பின்னால் குழந்தை இரண்டு கையையும் நீட்டுவதை டோர்காஸ் உணர்ந்தாள். அந்தக் கைகளை யாரோ பற்றினார்கள். முரட்டுத்தனமாக இல்லை. தூங்கும் குழந்தையை இன்னொருத்தியின் மடியிலிருந்து எழுப்பாமல் வாங்கிக்கொள்வதுபோல, அவ்வளவு பதமாக இழுத்தார்கள்.

அவள் இறுக்கினாள். குழந்தை அவள் நெஞ்சில் காலை ஊன்றி உதைத்தது.

பிறகு லெட்டி சிரித்தாள். டோர்காஸின் தோளுக்கு மேலாக, பின்பக்கம் பார்த்துச் சிரித்து, தெளிவாக, "அம்மா" என்றாள்.

டோர்காஸின் கழுத்தில் நனைந்த கூந்தல் கற்றை ஒன்று வந்து விழுந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல், "என்னடா கண்ணு" என்றது.