மேல்மாடிக் கூட்டம்

மகனுக்குத் தலைவலி மாத்திரை தேடித்தான் மாமியார் மருமகளின் கைப்பையைத் திறந்தாள். கையில் சிக்கியதோ ஒரு சின்ன அட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். குடிநோயாளிகள் கூட்டம், புதன்தோறும் மாலை ஆறரை, தையல் பள்ளி, கீழ்த்தளம். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இதென்னடி இது?"

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை. அழுகைகூடச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் குளியலறை வாசலில் ஈரத் துண்டோடு நின்றான். முந்தின நாள் குடித்தது இன்னும் கண்ணில் சிவந்திருந்தது. ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பெயர் குடி இல்லை, 'உடம்பு சரியில்லை.' பதினோரு வருஷமாக அவனுக்கு உடம்பு சரியில்லை. அவன் அப்பாவும் அதே மாதிரி உடம்பு சரியில்லாமல்தான் போய்ச் சேர்ந்தார். அம்மா தாங்க மாட்டாள், அவள் காதில் அந்த வார்த்தை விழவே கூடாது என்று, கல்யாணமான புதிதில் மனைவியைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னான் அவன். அவன் மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுப் பொய் சொல்வதும், விடியும் முன்னே தரையைக் கழுவி வைப்பதும் அவள் பாடாயிற்று.

மகன் விஷயத்தில் பதினோரு வருஷமாக வாயில் வராத வார்த்தை, மருமகள் விஷயத்தில் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது.

"குடிக்கிறியா நீ? என் புள்ளைக்கு ஏன் அடிக்கடி உடம்பு படுத்துதுன்னு இப்பத்தானே புரியுது. வீட்டுல இப்படி ஒருத்தியை வச்சுக்கிட்டு அவன் எங்க தேறுவான்..."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனோ ஏற்கெனவே துடைத்த முகத்தை மறுபடி துடைத்தான்.

"ஆமா அத்தை, நான்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அதில் பொய்யும் இல்லை.

அவள் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. அச்சகத்தில் அவளுக்கு பைண்டிங் வேலை. ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த நம்பருக்கு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். குடியை விடுவதற்குக் கூட்டம் நடக்கிறதாமே, எங்கே என்று கேட்டவளுக்கு, 'என் வீட்டுக்காரருக்கு' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சத்தியம் தொண்டையில் நின்றது. "வர்றது நீங்கதானேம்மா?" என்றது குரல். ஆமாங்க என்றாள். அவ்வளவுதான், குடிகாரி ஆகிவிட்டாள்.

தையல் மெஷின்களை ஓரங்கட்டிவிட்டு வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்திய ரிட்டயரான தபால்காரர் யாரையும் துருவிக் கேட்கவில்லை. பேச இஷ்டமில்லாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றார். கேட்டாள். சொந்த மகள் கல்யாணத்தில் விழுந்து கிடந்ததைப் பெயின்டர் ஒருவர் சொன்னார். பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பாடம் நடத்தப் போனதை ஒரு டீச்சர் சொன்னாள். தன் புருஷன் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் யார் யாரோ சொன்னார்கள். குடிப்பவர்களின் வீட்டாருக்குச் சனிக்கிழமை மேல்மாடியில் தனிக் கூட்டம் என்பது மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. அங்கே போனால் 'என் வீட்டுக்காரர் குடிக்கிறார்' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும். எனவே கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கும் புதன்கிழமைதான். வேலை முடிந்து நேராக அங்கே போனாள். கூட்டம் பாதி நடக்கும்போது கதவு திறந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு மாமியார் நின்றாள்.

"எந்திரிடி. மானம் போனது போதும்."

தபால்காரர் எழுந்து அருகில் போனார். "அம்மா, இங்க குடியில மாட்டிக்கிட்டவங்க மட்டுந்தான் உட்காரலாம். வீட்டு ஆளுங்களுக்குச் சனிக்கிழமை மேல்மாடியில. இப்போ கொஞ்சம் வெளியே இருங்க."

"நாங்க எதுக்கு இங்க உட்காரப் போறோம்? இதோ, இவதான் உங்க ஆளு." மாமியார் மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வாடா."

அவன் நகரவில்லை. அவன் கண் அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி மனைவியிடம் வந்து நின்றது.

"அம்மா..." அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். "நீயும் அவளும் வெளியே இருங்க. நான் இருக்கேன்."

அந்த அறையில் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. மருமகள் எழுந்துகொண்டாள். அவள் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அவள், தான் குடிப்பதில்லை, மன்னிக்க வேண்டும் என்று தபால்காரரிடம் தணிந்த குரலில் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே அவன் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறான் என்பது புரியவில்லை. மாமியார் மருமகளின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடைந்து அழுதாள்.

"எனக்குத் தெரியும்டி... இவன் அப்பன் காலத்துலேர்ந்து எல்லாம் தெரியும். சொன்னா நிஜமாயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். பழியைத் தூக்கி உன் தலையில போட்டுட்டேனே..."

மருமகளின் கை நனைந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"மேல்மாடியில என்னதான் பேசுவாங்க?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் மாமியார்.

"தெரியாது அத்தை. நான் ஒரு தடவைகூடப் போனதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.