புளிக்காத மாவு

மூன்றாவது நாளாக மாவு புளிக்கவில்லை. பக்கத்து வீட்டு இருதயமேரியும் ஆதிலட்சுமியும் ஒரே ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பங்கிட்ட மாவுதான். அங்கே குண்டானைத் தாண்டி வழிந்தது. இங்கே உப்புப் போட்டுக் கையால் கரைத்தபடியே அசையாமல் கிடந்தது. உறை ஊற்றிய பாலும் பாலாகவே இருந்தது. "ஒன் கைல என்னமோ இருக்குடி" என்றாள் இருதயமேரி. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆதிலட்சுமிக்குச் சுருக்கென்றது.

அவளுக்கு இடது மார்பில் கட்டி. அறுத்து எடுக்கவேண்டும் என்று ஆசுபத்திரியில் சொன்னதும், ஒரு மாதம் பொறு என்றான் புருஷன் இராமதாஸ். மில்லில் தறி ஓட்டியவனுக்கு இந்த எண்பத்தெட்டாம் வருஷத்தில் தவளை மேய்க்கிற உத்தியோகம், மூலக்குளத்தில் ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில். தோலைக் கீறி அழுக்குத் தண்ணீரில் விட்டாலும் தவளைக்குச் சீழ் பிடிப்பதில்லையாம். தோலில் ஊறும் பால் கிருமியைக் கொல்கிறதாம். புற்றுக்கட்டியையும் கொல்லக்கூடும் என்று அங்கே பேச்சாம். முதுகில் இரண்டு கம்பி வைத்து லேசாகக் கரண்ட் கொடுத்தால் பால் சுரக்கும், பஞ்சால் ஒற்றி எடுப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தினமும் அவளுக்குத் தடவினான்.

எலுமிச்சம்பழம் போலிருந்த கட்டி புளியங்கொட்டை அளவாகிவிட்டது. பிழைத்துவிடுவோம் என்று அவள் சந்தோஷத்தில் அழுதாள். ஆனால் உள்ளங்கை எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. எவ்வளவு பவுடர் போட்டாலும் உடம்பில் பாசி நாற்றம். சாயங்காலம் அவன் தரும் மாத்திரையைப் போட்டால் அடித்துப் போட்டமாதிரி தூக்கம். எழுந்தால் முதுகு எரியும். கட்டிதான் கரைந்துகொண்டு வருகிறதே, மாத்திரை எதற்கு என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ சும்மா படு" என்றான்.

இன்று மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, அவன் திரும்பியதும் துப்பினாள். குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மழை ஓட்டின்மேல் சடசடத்தது. கொல்லையில் தவளைகள் ஓயாமல் கத்தின. அலமாரி திறக்கும் சத்தம். கண்ணாடியோடு கண்ணாடி உரசியது. பிறகு அவன் காலடி. ரவிக்கையின் பின்பக்கம் மெல்ல மேலேறியது.

சில்லென்று ஒரு கம்பி. பக்கத்தில் இன்னொன்று.

தோல் வெட்டி இழுத்தது. முதுகெல்லாம் ஈரம் ஊறியது.

பஞ்சு ஒற்றியது. பிழிந்தான். சொட்டு. மறுபடி சொட்டு.

"இன்னும் கொஞ்சந்தான்" என்றான். "அசையாத."

ஓரக்கண்ணைத் திறந்தாள். தரையில் ஏழு பாட்டில்கள். ஆறு நிறைந்திருந்தன. வெள்ளையாக. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அவனுடைய கோணல் கையெழுத்தில், அவள் பெயர்.