செவ்வல்குளத்தின் ஒரே சாட்சி

பூங்கோதை தனக்குக் கிடைத்த மூன்றாவது காட்சியையும் வகுப்புத்தோழி ஜெசிந்தாவுக்காகவே செலவழித்தாள். பாசத்தால் அல்ல, வயிற்றெரிச்சலால்.

பழங்காட்டி என்ற கருவி வந்த பிறகு வரலாற்றுப் பட்டப்படிப்பு அப்படி ஆகிவிட்டது. இடத்தையும் நேரத்தையும் சொன்னால் போதும், நடந்து முடிந்தது அதன் கண்ணாடியில் ஓடும், பேச்சும் கேட்கும். ஆனால் ஒரு காட்சி ஒரே ஒருவருக்குத்தான். பார்த்து முடித்ததும் அதன் தடயம் கரைந்துவிடும், படம்பிடிக்கவும் முடியாது. பார்த்தவர் சொல்வதே வரலாறு. ஒரு மாணவருக்கு மூன்று காட்சிகள் என்பதால், எந்தப் பருவத்தில் எதைப் பார்ப்பது என்று பாடத்திட்டம் போடுவதற்குள் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் அடிதடி.

பூங்கோதைக்கு அந்தக் குழப்பமே இல்லை. ஜெசிந்தா எதற்கு ஆசைப்படுகிறாளோ அதை முந்திக்கொண்டு பதிவு செய்துவிடுவாள். துறைத்தலைவர் துரைப்பாண்டியன் வாய்க்கு வாய் "நம்ம ஜெசிந்தா" என்றால் பாவம், அவள்தான் என்ன செய்வாள்? மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை.

ஜெசிந்தா சளைக்கவில்லை. செவ்வல்குளத்தின் கரையை எதிரிப்படை உடைத்தது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க, உடைத்தது ஊர்த்தலைவனேதான் என்று கல்வெட்டுகளை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதி முடித்தாள். கரை உடைந்த அந்த விடியலைப் பழங்காட்டியில் பார்த்தவள் பூங்கோதை ஒருத்திதான். தேர்வுக்குழு அவளை அழைத்தது.

"நீ பாத்தியேம்மா, யாரு உடைச்சது?" என்று கேட்டார் துரைப்பாண்டியன். "நீ ஆமான்னு சொல்லிட்டா நம்ம ஜெசிந்தாவுக்குத் தங்கப்பதக்கம்."

ஜெசிந்தா நம்பிக்கையோடு அவளையே பார்த்தாள். அந்த நம்பிக்கைதான் பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை.

"எதிரிப்படைதான் சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

ஆய்வேடு தள்ளுபடியானது. வெளியே வந்ததும் ஜெசிந்தா கேட்டாள். "ஏண்டி, நெசமாவா?"

"சந்தேகம்னா நீயே போய்ப் பாரேன்" என்று சிரித்தாள் பூங்கோதை. இனி யாராலும் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னாள்.

அடுத்த வாரம் கடைசிப் பருவத்துக்குப் பாடத்திட்டம் போட்டார்கள்.

"ஜெசிந்தா, உன் மூணு காட்சியும் அப்படியே கெடக்கே. எந்தக் காலத்துக்குப் போற?"

"ரொம்பப் பின்னாடி வேணாம் சார். நம்ம காலேஜ் பழங்காட்டி அறை. பூங்கோதை செவ்வல்குளத்தைப் பாத்த அந்தக் காலை நேரம்."

பூங்கோதைக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அன்று கண்ணாடியில் ஊர்த்தலைவன் மண்வெட்டியை ஓங்கியபோது, தனியாகத்தானே இருக்கிறோம் என்று, "சண்டாளி, அவ சொன்னது சரியாத்தான் இருக்கு!" என்று வாய்விட்டுக் கத்தியிருந்தாள். அதை விட்டாலும், பார்த்துவிட்டு ஜெசிந்தா என்ன சொல்கிறாளோ அதுதான் இனி வரலாறு.

"அதை யாரும் கேக்கலையே. எடுத்துக்கோம்மா" என்றார் துரைப்பாண்டியன்.

"சார், அது எனக்கு வேணும்!" பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தாள் பூங்கோதை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத்தான் மூணும் முடிஞ்சுபோச்சேம்மா."