சாம்பல் திருடிக்குச் சிவப்பு அங்கி

ட்ரிங்... ட்ரிங்...

பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பையில் செல்போன் அலறியது.

எடுத்துப் பார்த்தாள். திரையில் 'மாஸ்டர்'.

கட் செய்தாள்.

மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தாள்.

மூன்றாவது முறை!

நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"எடுங்க டாக்டர்! என் சம்சாரமே மூணாவது தடவை அடிச்சா ஏதாவது விஷயம் இருக்கும்."

"இவருக்கு ஒரே விஷயம்தான். நான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

"சொன்னீங்களா?"

"வாயைத் திறங்க!"

அவர் திறந்தார். அவள் கட் செய்தாள்.

பொய் சொல்லித்தான் இருந்தாள். அதுதான் வேதனை.

ஞாயிறு தோறும் மாஸ்டர் வீட்டு மாடியில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். இல்லாத ஒரு நகரம். அதில் ஆளுக்கொரு வேடம். மாஸ்டர் கதையை நடத்துவார். தப்பிப்பதா, சாவதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். டாக்டரின் வேடம், சாம்பல் நிற அங்கி போட்ட திருடி. ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு குட்டிப் பொம்மைக்கு மாஸ்டரே பெயின்ட் பூசித் தருவார்; திருடிக்கு மட்டும் இன்னும் பூசி முடியவில்லை.

போன ஞாயிறு திருடி ஒரு மதிலைத் தாண்ட வேண்டியிருந்தது. உருட்டினாள். விழுந்தது இரண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுண்டுவிரலால் பகடையை ஒரு தட்டு... பத்தொன்பது!

"டாக்டரம்மா..." என்றார் மாஸ்டர், சிரித்துக்கொண்டே. "அது ரெண்டுதானே?"

எல்லாரும் திரும்பினார்கள்.

ஊசியைக் காட்டி 'வலிக்காது' என்பதைத் தவிர வேறு பொய் அறியாத வாய். அன்று அது கத்தித் தீர்த்தது. "முதல்ல போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க! என்னையா திருடிங்கறீங்க?" பகடை டப்பாவைத் தட்டிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் போனை அவள் எடுக்கவேயில்லை.

பஸ் டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த ஆள் உட்காருவதற்குள் மீண்டும் போன். இந்த முறை வேறு எண். மாஸ்டரின் தம்பி.

"டாக்டரக்கா! அண்ணன்... அண்ணன் விழுந்துட்டாரு! மூச்சே இல்லக்கா!"

* * *

மாஸ்டரின் வீடு இரண்டு தெரு தள்ளி. கீழே தம்பியின் கார் ஒர்க்ஷாப். ஆயில் வாசனை படியேறி மாடி வரை வந்தது. மாடியில் அது பெயின்ட் வாசனையோடு கலந்தது.

காவல் நிலையம் எதிர்த்தெருவில். அவளுக்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்திருந்தாள். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிய நடுத்தர வயதுப் பெண்.

மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். பின்மண்டைக்குக் கீழே இரத்தம். மேசையின் இரும்புக் காலிலும் இரத்தம். தரையெங்கும் பகடைகள் சிதறியிருந்தன.

டாக்டர் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்கதான் பல் டாக்டரா?" இன்ஸ்பெக்டர் மேசைமேல் கிடந்த போனைக் காட்டினாள். "இவர் கடைசியா கூப்பிட்டது உங்களைத்தான். மூணு தடவை. என்ன பேசினாரு?"

"நான்... எடுக்கல."

"வேலையா?"

கீழே யாரோ ஸ்பேனரைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது.

"இல்ல. கோவம்."

தம்பி சுவரில் சாய்ந்து விம்மினான். "எடுத்திருக்கலாமேக்கா... ஒரு தடவை எடுத்திருக்கலாமே! நான் கஸ்டமரோட மதியம் பூரா வெளியூர் ரோட்டுல வண்டி ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன். இப்பதான் வந்தேன். மேல வந்தா... இப்படி!"

"என்ன கோவம் டாக்டர்?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"விளையாட்டுல நான் பகடையைத் திருப்பி வெச்சேன், மேடம். அவர் பாத்துட்டாரு. கேட்டாரு. நான் கத்தினேன்."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

சொல்லும்போதே அற்பமாக இருந்தது. எதிரே கிடந்த உடம்பு அற்பமாக இல்லை.

"இங்க வந்து இதைப் பாருங்க." இன்ஸ்பெக்டர் மேசை விளக்கைத் திருப்பினாள்.

விளக்கடியில் ஒரு கார்க் மூடிமேல் விரல் உயரப் பொம்மை. குனிந்த தோள். இடுப்பில் கத்தி. முகத்தில் ஊசிமுனைக் கண்கள்.

அவளுடைய திருடி!

ஆனால்... அங்கி சிவப்பு! சொட்டச் சொட்டச் சிவப்பு!

டாக்டர் ஒரு அடி பின்வாங்கினாள்.

"என்னாச்சு?"

"எங்க கதையில ஒரு சட்டம் இருக்கு, மேடம். சூதுல பொய் சொன்னவங்களுக்குச் சிவப்பு அங்கி போட்டுச் சந்தையில நிக்க வைப்பாங்க."

"அடடே."

"சமாதானம் பேசத்தான் கூப்பிட்டிருக்காரு. நான் எடுக்கல. மனசு விட்டுப்போய் இதைப் பூசியிருக்காரு... அப்புறம் விழுந்திருக்காரு." டாக்டர் பொம்மையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எடுத்திருந்தா நான் இங்க இருந்திருப்பேன்."

"பெயின்ட் இன்னும் ஈரம். இது காய எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம்கூட ஆகாது."

"அப்ப சாவு இப்பதான் நடந்திருக்கு. தலைசுத்தல், மேசைக்கால், முடிஞ்சது." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினாள். "ஆம்புலன்ஸ் வரட்டும்."

தம்பி நீளமாக மூச்சு விட்டான்.

டாக்டர் மெல்ல நடந்து மாஸ்டர் பக்கத்தில் மண்டியிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய இடது கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பெயின்ட் பிசுக்கு ஏறிய கை. எத்தனை ஞாயிறு பார்த்திருப்பாள்! பிரஷைப் பெயின்டில் தொட்டதும் பொம்மைக்குப் போகமாட்டார். முதலில் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு. முனை கூர்மையா, பெயின்ட் அதிகமா என்று பார்த்த பிறகுதான் பொம்மை. ஒவ்வொரு தடவையும். கல்யாண வீட்டுக்கும் அந்த நகத்தோடுதான் போவார்.

அவள் அந்த நகத்தையே பார்த்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டாக்டர்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"சாம்பல்..."

"என்னது?"

"நகத்துல சாம்பல் கலர்தான் இருக்கு, மேடம். கோடு கோடா, ஒண்ணு மேல ஒண்ணா. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்ல!"

"துடைச்சிருப்பாரு."

"துடைச்சா எல்லாமே போயிருக்கணும். சாம்பல் மட்டும் எப்படித் தங்கும்?" டாக்டர் எழுந்து பொம்மைமேல் குனிந்தாள். "இங்க பாருங்க... மடிப்புக்குள்ள. சிவப்பு எட்டாத இடத்துல சாம்பல் தெரியுது. அவர் என் அங்கியைச் சாம்பல்லதான் முடிச்சிருக்காரு. மேல யாரோ அவசரத்துல அப்பியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினாள்.

டாக்டர் மறுபடி மண்டியிட்டாள். மாஸ்டரின் தாடையைப் பிடித்து லேசாக அசைத்தாள்.

அசையவில்லை.

"நாள் பூரா வாயைத் திறக்க வைக்கறதுதான் மேடம் என் பொழப்பு. இந்தத் தாடை இறுகிப்போச்சு. இப்ப செத்தவருக்கு இப்படி இறுகாது. இவர் போய் மணிக்கணக்காச்சு!"



"அப்படின்னா," இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினாள், "அரை மணி முன்னாடி டாக்டரைக் கூப்பிட்டது யாரு, தம்பி?"

"எனக்கு... எனக்கெப்படி மேடம் தெரியும்? நான் கஸ்டமரோட..."

"ஆமா, வண்டியில இருந்தீங்க. அண்ணனோட போனும் வண்டியிலயேதான் இருந்துச்சா? எந்தத் தெருவுலேர்ந்து கூப்பிட்டாங்கன்னு டவர் சொல்லிடும்."

தம்பி வாசல் பக்கம் பார்த்தான்.

"டாக்டர் எடுக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே அவங்க நம்பரைப் பிடிச்சீங்க? போன ஞாயிறு அவங்க கத்தினது கீழ வரைக்கும் கேட்டிருக்குமே! வந்ததும் போனை மேசையில வெச்சு, கண்ணைப் பறிக்கிற கலரா எடுத்து ஒரு அப்பு. போன் அழைப்பையும் ஈரத்தையும் பாத்தா நாங்க 'இப்பதான் செத்தாரு'ன்னு நம்பிடுவோம். சரிதானே?"

"வீட்டை விக்கலாம்னு ஒரு வார்த்தை கேட்டேன்!" தம்பி வெடித்தான். "பொம்மைக்கு ஒரு மாடி வேணுமாம்! ஞாயித்துக்கிழமை எங்க உக்காருவாங்கன்னு என்கிட்டயே கேக்கறாரு! சும்மா ஒரு தள்ளு மேடம்... சத்தியமா ஒரே ஒரு தள்ளு..."

டாக்டர் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த மூன்று அழைப்பும் அவருடையது அல்ல. அவள் கட் செய்யும்போது அவர் ஏற்கெனவே இல்லை. திருடிக்கு அவர் பூசியது சாம்பல். அதாவது, எப்போதோ மன்னித்துவிட்டார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

அவரே கூப்பிட்டிருந்தாலும் அவள் எடுத்திருக்கமாட்டாள். தம்பி அதை நம்பித்தான் கொலையை மறைத்தான். அவளுடைய வீம்பை அளந்து வைத்து அதன்மேல் ஏறி நின்றிருக்கிறான். எந்த இன்ஸ்பெக்டரும் அதற்கு வழக்குப் போடமுடியாது.

தடதடவென்று சத்தம்!

தம்பி கதவை நோக்கிப் பாய்ந்தான். இன்ஸ்பெக்டர் கத்தினாள். அதற்குள் அவன் கால் தரையில் சிதறிக் கிடந்த பகடை ஒன்றின்மேல்...

சர்ர்ர்ர்!

படீரென்று விழுந்தான். எழுவதற்குள் கையில் விலங்கு.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கினாள். அவன் குதிகாலுக்குப் பக்கத்தில் உருண்டு நின்ற பகடையைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன டாக்டர் இது, இத்தனை முகம்?"

"இருபது முகம், மேடம். பெரிய நம்பர் விழுந்தா தப்பிக்கலாம்."

"இதுல ஒண்ணு விழுந்திருக்கே?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"சத்தியமா இந்தத் தடவை நான் திருப்பி வைக்கல, மேடம்!"